வேடந்தாங்கலில் தங்கிய பறவையும் பரத்பூரில் தொலைந்த பறவையும்



நம் காட்டாங்குளத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் வேடந்தாங்கல் வந்துவிடும். உங்களில் பலர் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ அழைத்துக்கொண்டு ஒரு முறையாவது போயிருப்பீர்கள். கோபுரத்தில் ஏறி நின்று, மரம் நிறைய வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் பறவைகளைப் பார்த்துவிட்டு, "கொக்கு நிறைய வந்திருக்கு" என்று சொல்லித் திரும்பியிருப்பீர்கள். அந்த ஏரி எப்படிப் பிழைத்தது, அதே காலத்தில் வட இந்தியாவில் இன்னொரு நீர்நிலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அரிய பறவை ஏன் வராமல் போனது என்ற இரண்டு கதைகளையும் சேர்த்து இந்த இதழில் எழுதுகிறேன். நம் பக்கத்து ஏரிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

முதலில் பெயர் விவகாரம். நாம் வயலில் பார்க்கும் கொக்கு சிறியது. ஆங்கிலத்தில் 'கிரேன்' என்று சொல்லும் பறவை வேறு இனம். அதைத் தமிழில் பெருங்கொக்கு என்று எழுதுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். உலகத்தில் பெருங்கொக்கு மொத்தம் 15 வகை. நம் கொக்கு பறக்கும்போது கழுத்தை 'எஸ்' போல மடக்கிக்கொள்ளும். பெருங்கொக்கு கழுத்தை நேராக நீட்டியபடி பறக்கும். நாரையும் கழுத்தை நீட்டித்தான் பறக்கும். ஆனால் நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம், அலகைத் தட்டிச் சத்தம் எழுப்பும். பெருங்கொக்கின் குரலோ எக்காளம் ஊதினாற்போல வெகுதூரம் கேட்கும். மூச்சுக்குழாய் நீண்டு மார்பெலும்பு வரை போய்ச் சுருண்டிருப்பதால்தான் அந்தக் கனம். முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. நாரையும் கொக்கும் மரத்தில் கூடு கட்டும். பெருங்கொக்கு சதுப்பு நிலத்தில், தரையில், தண்ணீருக்கு நடுவே புல்லைக் குவித்து முட்டையிடும். ஆப்பிரிக்காவில் உள்ள இரண்டு கொண்டைக் கொக்கு வகைகளுக்கு மட்டும் பின்விரல் நீளம் என்பதால் கிளையைப் பற்றி மரத்தில் உட்கார முடியும். மற்ற 13 வகையும் தரைதான்.

இந்தியாவுக்கு 5 வகைப் பெருங்கொக்குகள் சொந்தம் என்று புத்தகங்களில் இருக்கும். உத்தரப்பிரதேசத்தின் மாநிலப் பறவையான சாரஸ், லடாக்கில் குஞ்சு பொரிக்கும் கருங்கழுத்துக் கொக்கு, குளிர்காலத்தில் வரும் சாதாரணக் கொக்கு, 'குர்ஜா' என்று ராஜஸ்தானத்தில் அழைக்கும் சிறிய வகை, ஐந்தாவதாக சைபீரியக் கொக்கு. கடைசியாகச் சொன்னது 2002-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நம் மாவட்டம்.

1780-களில் செங்கல்பட்டுச் சீமை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆற்காட்டு நவாப் 1763-ல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பகுதி இது. ஹைதர் அலியின் படையெடுப்பில் ஊர்கள் பாழாயின, ஏரிக்கரைகள் உடைந்தன, மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். ஏரியை நம்பி விவசாயம் செய்யும் மாவட்டத்தில் ஏரி உடைந்தால் என்ன மிஞ்சும்? அந்த நிலையில் 1794-ல் இங்கே கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். வரி வசூலிப்பில் கடுமையானவர். ஆனால் வரி வரவேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும் என்று புரிந்துவைத்திருந்தவர். ஏரிகளைப் பழுதுபார்த்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வரும் துரை இவரேதான். பெருமழையில் கரை உடையப் போகிறது என்று இரவில் பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காப்பது தெரிந்தது என்றும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்றும் ஊரில் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேடந்தாங்கல் மதுராந்தகத்துக்குப் பக்கம். 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. வேடர்களின் ஏரி என்று பெயரே சொல்கிறது. சுற்று வட்டாரத்து மிராசுதார்களும் ஜமீன்தார்களும் வேட்டைக்கு வந்த இடம் என்று சொல்வார்கள். ஆனால் அந்த ஊர் விவசாயிகளுக்கு இந்தப் பறவைகளின் அருமை தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் மரங்களில் தங்கினால் எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும். காசு கொடுக்காமலே உரம். தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த பாசனம் அது. எனவே ஊரார் தாங்களே பறவைகளைக் காத்துவந்தார்கள். ஒரு சமயம் கம்பெனிச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் நேராகக் கலெக்டர் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். வெறும் வாய் உத்தரவு போதாது, எழுத்தில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்று 1798-ல் கிடைத்த அந்தப் பத்திரத்துக்குக் 'கவுல்' என்று பெயர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பத்திரம் என்றாலே கண் அங்கே போய்விடும். நாட்டில் வனத்துறை என்று ஒன்று தோன்றுவதற்கு அறுபது, எழுபது வருடம் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்திருக்கக்கூடிய ஒரு கிராமம், ஒரு பறவைக் கூட்டத்துக்காக அரசாங்கத்திடம் எழுத்து வாங்கியிருக்கிறது. அதோடு விடவில்லை. 1858-ல், கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த அதே வருடம், அந்தக் கவுலைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். ஆள் மாறினால் பழைய கையெழுத்து செல்லுமோ செல்லாதோ என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து மறந்துவிடாமல், காலாவதி ஆகுமுன் புதுப்பித்த ஊர் அது.

பிறகு 1936-ல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை வனச் சட்டத்தின் கீழும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் பாதுகாப்பு கூடியது. ஏரி என்னவோ சின்னதுதான்; ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஆனால் 1998-ல் அரசாணை போட்டபோது ஏரியோடு நிறுத்தாமல், சுற்றிலும் 5 கி.மீ. தூரத்தையும் சேர்த்தார்கள். காரணம் எளிது. பறவை கூடு கட்டுவது ஏரி நடுவே நிற்கும் நீர்க்கடம்ப மரத்தில். இரை தேடுவது அக்கம்பக்கத்து ஏரியிலும் குட்டையிலும் நெல் வயலிலும். நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கு நத்தை பொறுக்க வயலுக்குப் போக வேண்டும். கூழைக்கடா மீனுக்காக இன்னும் தூரம் போகும். வீட்டை மட்டும் காப்பாற்றிவிட்டு மளிகைக் கடையை இடித்தால் குடும்பம் எத்தனை நாள் அங்கே இருக்கும்? 2020-ல் அந்த 5 கி.மீ. எல்லையை 3 ஆகக் குறைக்கும் யோசனை வந்தபோது இவ்வளவு எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான். 2022-ல் வேடந்தாங்கல், பக்கத்துக் கரிக்கிலி, நம் பள்ளிக்கரணை மூன்றும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியல் அது.

இனி பரத்பூருக்கு வாருங்கள். ராஜஸ்தானில், ஆக்ராவுக்குப் பக்கம். அங்கே கேவலாதேவ் என்ற சிவன் கோயிலைச் சுற்றிய பள்ளமான நிலம், சுமார் 29 சதுர கி.மீ. பதினெட்டாம் நூற்றாண்டில் மகாராஜா சூரஜ்மல் கட்டிய அஜான் அணைக்கரையிலிருந்து தண்ணீர் வந்து தேங்கும். பிற்காலத்து மகாராஜாக்கள் அங்கே வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, வாத்து வேட்டைக்கென்றே நீர்நிலையை வளர்த்தார்கள். 1902-ல் வைஸ்ராய் கர்சன் வந்தபோது முதல் பெரிய வேட்டை. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. இந்தக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் உள்ளே போனால் படிக்கலாம். நம் வேடந்தாங்கல் விவசாயிகள் ஒரு பறவையைக்கூடச் சுடாதே என்று எழுதி வாங்கி 140 வருடம் கழித்து அங்கே இது நடந்தது.

ஆனாலும் அந்த பரத்பூருக்குத்தான் இந்தியாவின் அழகான விருந்தாளி ஒன்று வந்துகொண்டிருந்தது. சைபீரியக் கொக்கு. உடல் முழுக்கத் தூய வெள்ளை, முகம் மட்டும் சிவப்பு. இறக்கையை விரித்தால்தான் நுனியில் கறுப்பு தெரியும். நான்கரை அடி உயரம். ஜஹாங்கீர் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் நானூறு வருடங்களுக்கு முன் இதைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஜஹாங்கீருக்கே பெருங்கொக்குகள் மேல் ஆசை உண்டு. அரண்மனையில் வளர்த்த ஒரு ஜோடி சாரஸுக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து, அவை மாறிமாறி அடைகாத்ததைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தவர் அவர். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ.ஓ. ஹியூமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்திய ஏரிகளில் சைபீரியக் கொக்கைக் கவனித்து எழுதியிருக்கிறார். அது மீன் தின்னாமல் கிழங்கும் வேரும் தோண்டித் தின்கிறது என்பது அவருக்கு வியப்பு.

இந்தப் பறவை குஞ்சு பொரிப்பது ரஷ்யாவின் மேற்கு சைபீரியாவில், ஓப் நதிப் பகுதியின் சதுப்புகளில். அங்கிருந்து கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 5,000 கி.மீ.க்கு மேல் பறந்து பரத்பூர் வரும். நவம்பர், டிசம்பரில் வந்து மார்ச்சில் திரும்பும். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று சேற்றைக் கிளறிக் கோரைக்கிழங்கு தின்னும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1964-65 குளிர்காலத்தில் பரத்பூரில் இருந்தவை சுமார் 200. 1980-ல் 33. 1990-களின் தொடக்கத்தில் ஐந்தாறு. 1993-94, 1994-95 இரண்டு குளிர்காலமும் ஒன்றுகூட வரவில்லை. போய்விட்டது என்று நினைத்தபோது அடுத்த வருடம் 4 வந்தன. கடைசியாக 2001-02-ல் ஒரு ஜோடி. அந்த ஜோடி 2002 மார்ச்சில் வடக்கே கிளம்பியது. அதன்பின் பரத்பூருக்கு சைபீரியக் கொக்கு வரவில்லை.

இதில் நம்மை யோசிக்க வைக்கும் விஷயம் தேதிகள்தான். 1956-ல் பரத்பூர் சரணாலயம் ஆனது. 1972-ல் மகாராஜாவின் வேட்டை உரிமையும் போயிற்று. 1981-ல் ராம்சார் பட்டியல். அதையொட்டியே தேசியப் பூங்கா. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். சாலிம் அலி போன்ற அறிஞர் அந்த இடத்துக்காக வாதாடினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்து வருடம் அங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்தது. பாதுகாப்பு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போக, பறவையின் எண்ணிக்கை ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஒரே லெட்ஜரில் வரவும் செலவும் இப்படி எதிரெதிராகப் போனால் நாம் என்ன செய்வோம்? கணக்கு எங்கேயோ வெளியே கசிகிறது என்று தேடுவோம்.

பெரிய கசிவு வழியில் இருந்தது. ஆப்கானிஸ்தானில் ஆப்-இ-இஸ்தாதா என்ற உப்பு ஏரியில் இந்தப் பறவைகள் இறங்கி இளைப்பாறும். 1979-க்குப் பிறகு அந்த நாட்டில் ஓயாத போர். துப்பாக்கி இல்லாத வீடு இல்லை. பாகிஸ்தானின் குர்ரம், ஜோப் பள்ளத்தாக்குகளில் பெருங்கொக்கு பிடிப்பது பழைய வழக்கம். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, இரவில் தாழப் பறக்கும் கூட்டத்தின் மேல் வீசி, இறக்கையில் சுற்றிக்கொள்ளச் செய்து உயிரோடு இறக்குவார்கள். அவர்கள் தேடியது எண்ணிக்கையில் அதிகமான குர்ஜாவையும் சாதாரணக் கொக்கையும்தான். கூட்டத்தோடு வரும் அரிய வகையை இருட்டில் யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

உள்ளூரிலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. தேசியப் பூங்கா ஆனதும், தலைமுறை தலைமுறையாக அங்கே எருமை மேய்த்தவர்களை 1982-ல் உள்ளே வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். தகராறு முற்றிக் காவல்துறை சுட்டதில் கிராமத்தார் சிலர் உயிரிழந்தார்கள். எருமை போனபின் தண்ணீரில் படரும் ஒருவகைப் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பை மூடியது. எருமைகள்தான் அந்தப் புல்லை மேய்ந்து நீர்நிலையைத் திறந்து வைத்திருந்தன என்று அந்தப் பத்து வருட ஆராய்ச்சியிலேயே தெரியவந்தது. கிழங்கு தோண்டித் தின்னும் பறவைக்குப் புல் மூடிய குளம் எதற்கு? வேடந்தாங்கலில் ஊராரைக் கேட்டு, ஊராருக்காக எழுதிய பத்திரம். பரத்பூரில் ஊராரை வெளியே நிறுத்திப் போட்ட வேலி. வழியில் நடந்த வேட்டைதான் முதல் காரணம் என்றாலும், இந்த வித்தியாசத்தையும் நாம் மறக்கக்கூடாது.

நம் சிட்டுக்குருவியைப் போல ஒரே வருடத்தில் பல முறை முட்டையிட்டு எண்ணிக்கையை மீட்டுக்கொள்ளும் பறவை அல்ல பெருங்கொக்கு. வருடத்துக்கு இரண்டு முட்டை. பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அது பெரிதாகி ஜோடி சேர்ந்து முட்டையிடப் பல வருடங்கள் ஆகும். இதைவிட முக்கியம், 5,000 கி.மீ. வழியை அது பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. முதல் பயணத்தில் தாய் தந்தையோடு கூடவே பறந்துதான் எந்த மலையைத் தாண்டுவது, எந்த ஏரியில் இறங்குவது என்று கற்றுக்கொள்கிறது. எனவே வழி தெரிந்த கடைசிப் பெரியவர் செத்தால், அந்த வழியும் அன்றோடு போய்விட்டது. இது பணம் போட்டு மீட்கும் இழப்பு இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் பெருங்கொக்கு அறக்கட்டளை, கூண்டில் முட்டை பொரிக்க வைத்துப் பார்த்தது. அதை நிறுவிய இருவரில் ஒருவரான ரான் சாவே பரத்பூரிலேயே தங்கி இந்தப் பறவையை ஆராய்ந்தவர். 1993-ல் பறவை கடந்துபோகும் நாடுகளுக்கிடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கூண்டில் வளர்ந்த குஞ்சுகளைக் கொண்டுபோய் சைபீரியாவில் விட்டார்கள். 2012-ல் ரஷ்ய அதிபர் புதினே வெள்ளை உடை அணிந்து சின்ன இயந்திரச் சிறகில் ஏறிக் குஞ்சுகளுக்கு முன்னால் பறந்து காட்டியது செய்தித்தாள்களில் படத்தோடு வந்தது. அப்படியும் பரத்பூர் வழி திரும்பவில்லை. ஈரானுக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த கூட்டமும் தேய்ந்து, 2007-க்குப் பிறகு பல வருடங்கள் ஒரே ஒரு ஆண் பறவை மட்டும் தனியாக வந்துபோனது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு 'உமீத்' என்று பெயர் வைத்தார்கள். பாரசீகத்தில் நம்பிக்கை என்று பொருள். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் சில ஆயிரம் சைபீரியக் கொக்குகளும், ஏறக்குறைய எல்லாமே, சீனாவின் போயாங் ஏரிக்குப் போகும் கிழக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

இது ஆசியாவின் தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவிலும் இதே கணக்குதான். அங்கே குஞ்சு பொரிக்கும் பெருங்கொக்குகளில் நான்கு வகை அந்தக் கண்டத்துக்கே உரியவை. உகாண்டாவின் கொடியில் ஒற்றைக் காலில் நிற்கும் தங்கக் கொண்டைப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். அது சாம்பல் கொண்டைக் கொக்கு. தேசியக் கொடியில் இடம் கொடுத்த நாட்டிலும் சதுப்பைத் தூர்த்துப் பயிர் வைப்பது நிற்கவில்லை. 1985-ல் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்ததாகக் கணக்கிட்ட இந்த இனம் பாதிக்கும் கீழே போய்விட்டது. 2012-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஜாம்பியாவின் கஃபுவே சமவெளியில் தாடிக் கொக்கு என்ற இன்னொரு வகை. தாடையில் இரண்டு சதை மடல் தொங்குவதால் இந்தப் பெயரில் எழுதுகிறேன். ஆற்று வெள்ளம் ஏறி இறங்கத் தொடங்கும்போதுதான் அது முட்டையிடும். மேலேயும் கீழேயும் 1970-களில் அணை கட்டி, மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் தங்கள் வசதிப்படி திறந்துவிட்டபின், எப்போது கூடு கட்டுவது என்று பறவைக்குத் தெரியாமல் போனது. நம் ஏரிப் பறவைகளும் வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துத்தானே வருகின்றன?

ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு. ருவாண்டா நாட்டில் பணக்கார வீடுகளிலும் ஓட்டல் தோட்டங்களிலும் கொண்டைக் கொக்கை இறக்கை வெட்டி அழகுக்கு வளர்ப்பது பெருமையாக இருந்தது. ஒலிவியே என்செங்கிமானா என்ற கால்நடை மருத்துவர் 2014-ல் ஒரு வேலை தொடங்கினார். வளர்ப்பவர்களைத் தண்டிக்கவில்லை. "உங்களிடம் உள்ளதைப் பதிவு செய்யுங்கள், எங்களிடம் கொடுங்கள், வழக்கு இல்லை" என்பதுதான் திட்டம். அரசும் ஒத்துழைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவைகள் வந்து சேர்ந்தன. பறக்கக்கூடியவற்றை அககெரா தேசியப் பூங்காவில் விட்டார்கள். பறக்க முடியாதவற்றுக்குத் தலைநகரில் ஒரு சதுப்புத் தோட்டமே அமைத்தார்கள். 2017-ல் நாடு முழுக்க எண்ணியபோது 500-க்கும் குறைவாக இருந்தவை, சில வருடங்களில் 1,000-ஐத் தாண்டிவிட்டன. ஊர் ஊராகப் போய் மக்களையே காவலுக்கு வைத்ததுதான் இதற்குக் காரணம்.

நம் நாட்டிலும் அதே பாடத்தை ராஜஸ்தானின் கீச்சன் கிராமம் சொல்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான குர்ஜாக்கள் வருகின்றன. ஊர் சமணக் குடும்பங்கள் தினமும் மூட்டை மூட்டையாகத் தானியம் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்க் குழந்தைகளும் நம் குழந்தைகளைப் போலத்தானே, ஆசை இருக்காதா? இருந்தும் ஊர்க் கட்டுப்பாட்டை விடவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பறவை ஒரு இடத்தில் வாழ்வதில்லை. பல இடங்களைத் தொடுத்த ஒரு சங்கிலியில் வாழ்கிறது. ஒரு கண்ணி அறுந்தால், மற்ற கண்ணிகளுக்குத் தங்க முலாம் பூசியும் பயனில்லை. பரத்பூரில் உலக விருது பெற்ற கண்ணி அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கான கி.மீ.க்கு அப்பால், யார் கண்ணிலும் படாத ஓர் உப்பு ஏரியில் சங்கிலி அறுந்தது.

வேடந்தாங்கலின் சங்கிலியில் நாம் எங்கே இருக்கிறோம்? செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. நந்திவரம் ஏரி, பொத்தேரி ஏரி, ரயிலில் போகும்போது செங்கல்பட்டுக்கு முன்னால் கண் நிறையத் தெரியும் கொளவாய் ஏரி, இவற்றோடு பெயர் தெரியாத எத்தனையோ தாங்கல்கள். சரணாலயப் பலகை எதிலும் கிடையாது. கலெக்டர் கவுலும் கிடையாது. ஆனால் மழைக்குப் பிறகு ஒரு காலை நடைப்பயிற்சியில் நின்று பார்த்தால், நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் இரை தேடிக்கொண்டிருப்பதைக் காணலாம். நம் ஏரிகள் அந்தப் பறவைகளுக்கு மளிகைக் கடை. நமக்கு நிலத்தடி நீர். வெள்ளக் காலத்தில் வடிகால். இரண்டு பேருக்கும் ஒரே பாஸ்புக்.

கட்டட இடிபாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் "எங்கே கொட்டப் போகிறீர்கள்?" என்று கேட்க நமக்குச் சங்கடமாக இருக்கிறது. கழிவுநீர் இணைப்பை மழைநீர்க் கால்வாயில் விட்டால் அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்க நேரமில்லை. பொங்கிப் படர்ந்த ஆகாயத்தாமரையைப் பார்த்து 'பச்சைப் பசேல்' என்று புகைப்படம் எடுக்கிறோம். பரத்பூரில் படர்ந்த அந்தப் புல்லும் பார்க்கப் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

1798-ல் வேடந்தாங்கல் விவசாயிகள் செய்தது பெரிய சாகசமில்லை. நாலு பேர் கூடினார்கள். தங்களுக்கும் பறவைக்கும் பொதுவான லாபம் எது என்று தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதிகாரியிடம் போனார்கள். எழுத்தில் வாங்கினார்கள். அறுபது வருடம் கழித்து அவர்கள் பேரன்கள் அதைப் புதுப்பித்தார்கள். குடியிருப்போர் நலச்சங்கம் என்ற பெயர் அன்றைக்கு இல்லை. வேலை என்னவோ அதேதான்.

அதனால் ஒரு யோசனையை நம் சங்கத்தின் முன் வைக்கிறேன். நம் பகுதிக்கு அருகில் உள்ள ஏரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் பரப்பு எவ்வளவு, வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டு, பதிலை நம் சங்கக் கோப்பில் வைப்போம். மாதம் ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளை அழைத்துப் போய் என்னென்ன பறவை, எத்தனை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்வோம். பறவைப் பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் எழுதினால் போதும். பத்து வருடம் கழித்து அந்த நோட்டு ஒரு சாட்சியாக நிற்கும். எண்ணிக்கை குறைந்தால் தேதியோடு தெரியும். தேதி தெரிந்தால் காரணம் தேடலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன். நோட்டு வாங்கும் செலவு என்னுடையது. நவம்பர் முதல் மார்ச்சுக்குள் வேடந்தாங்கலுக்கு ஒரு குழுவாகப் போய்வரலாம் என்றும் எண்ணம். வர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.